மக்கு என்று ஒதுக்குவதும் தீண்டாமைதான்

தோவாளை வட்டத்தில் நம் மக்கள் குடியிருப்பு ஒன்றில் மாலை வகுப்பு நடக்கிறது. படித்து முடித்த இளைஞர்கள் நாலைந்து பேர் சேர்ந்து சமூகநலக் கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் அங்கே போனபோது, ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வாசலில் உட்கார்ந்து சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டிருந்தான். நல்ல வாய்ப்பேச்சு. அண்ணன் வேலை பார்க்கும் செங்கல் சூளையைப் பற்றிக் கேட்டோம். ஒரு லோடுக்கு எத்தனை கல், ஏற்றுக்கூலி எவ்வளவு, நான்கு பேர் பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு என்று மனக்கணக்காகவே சொல்லிவிட்டான்.

பிறகு அவன் தமிழ்ப் புத்தகத்தையே எடுத்துக் கையில் கொடுத்தோம். முகம் வாடிவிட்டது. முதல் எழுத்தைப் பார்க்கிறான், மீதியை ஊகிக்கிறான். ‘பறவை’ என்று இருந்தால் ‘பழம்’ என்கிறான். இரண்டு வரி வாசிப்பதற்குள் வியர்த்துவிட்டது. “வயிறு வலிக்கி” என்று எழுந்து போய்விட்டான்.

அவன் அம்மா வாழைத்தோட்ட வேலைக்குப் போகிறவர். எங்களிடம் அவர் சொன்னது இதுதான்: “இவனுக்கு மண்டையில ஏறல்ல சார். மூத்தவனும் இப்படித்தான் இருந்தான். எங்க ஆளுகளுக்குப் படிப்பு அவ்வளவுதான்.”

‘இவனுக்கு’ என்று தொடங்கிய பேச்சு ‘எங்க ஆளுகளுக்கு’ என்று முடிந்தது. ஒரு பிள்ளையின் வாசிப்புத் தடுமாற்றம் ஒரு சாதியின் தலையெழுத்தாக எப்படி மாறியது? அந்தத் தாய் அதைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. பள்ளியிலும் வயல்வெளியிலும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லக் கேட்டதைத்தான் திருப்பிச் சொன்னார். இன்று நாம் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

அறிவில் குறை இல்லை

அந்தப் பையனுக்கு இருப்பதற்கு ஒரு பெயர் உண்டு. அரசுக் காகிதங்களில் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்று எழுதுகிறார்கள். வாசிப்பதில் வந்தால் டிஸ்லெக்சியா, எழுதுவதில் வந்தால் டிஸ்கிராஃபியா, கணக்கில் வந்தால் டிஸ்கால்குலியா. ‘குறிப்பிட்ட’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். எல்லாவற்றிலும் குறை என்று அதற்குப் பொருள் இல்லை. பேச்சு, புரிதல், கைவேலை, மனக்கணக்கு எல்லாம் நன்றாக இருக்கும். எழுத்தையும் ஒலியையும் சேர்த்துப் பிடிக்கும் அந்த ஒரு இடத்தில் மட்டும் மூளை வேறு மாதிரி வேலை செய்யும். அதனால்தான் பலர் இதைக் கற்றல் வேறுபாடு என்று சொல்ல விரும்புகிறார்கள்.

இது புதிதாக வந்த நோயும் அல்ல. 1887-லேயே ஜெர்மனியின் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் ‘டிஸ்லெக்சியா’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். 1896-ல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், எழுத்துக்கூட்டி வாசிக்க முடியாத 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பாடம் எல்லாம் வாய்வழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் அதில் குறித்திருக்கிறார். சூளைக் கணக்கைச் சொன்ன நம் பையனும் அப்படிப்பட்டவன்தான்.

பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 5 முதல் 15 பேருக்கு ஏதாவது ஒரு வகையில் இந்தக் கற்றல் குறைபாடு இருக்கலாம் என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு சொல்கிறது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு முதல் ஆறு பேர். இது குடும்பத்தில் வழிவழியாக வருவதும் உண்டு. ‘மூத்தவனும் இப்படித்தான்’ என்று அந்தத் தாய் சொன்னது ஒரு முக்கியமான மருத்துவத் தகவல். அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ள அந்தப் பள்ளியில் ஆள் இல்லை.

தமிழ் எழுத்து எங்கே தடுக்கும்?

ஆங்கிலத்தைவிடத் தமிழ் வாசிக்க எளிது. எழுதியபடியே பெரும்பாலும் ஒலிக்கிறோம். ஆகவே தமிழில் இந்தப் பிள்ளைகள் தப்பாக வாசிப்பதைவிட மிக மெதுவாக வாசிப்பார்கள். எழுத்து எழுத்தாகத் தொட்டுத்தொட்டுப் போய், வாக்கியம் முடிவதற்குள் தொடக்கத்தை மறந்துவிடுவார்கள்.

தமிழுக்கும் அதன் முடிச்சுகள் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். வாய் முதலில் ‘க்’ என்கிறது. கண் முதலில் பார்ப்பதோ ஒற்றைக் கொம்பை. பிறகு ‘க’, அதற்குப் பின் ஒரு கால். ஒலியும் எழுத்தும் வேறு வேறு வரிசையில் வருகின்றன. கு, சு, டு, நு என்று உகரம் வரும்போது ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு விதமாக வளைகிறது. ல, ள, ழ மூன்றும், ன, ண, ந மூன்றும், ர, ற இரண்டும் குழப்பும். சாதாரணப் பிள்ளை இரண்டு ஆண்டில் தாண்டிவிடும் இந்த மேடுபள்ளத்தில் இந்தப் பிள்ளை எட்டாம் வகுப்பு வரை தடுக்கி விழுகிறது.

1978-ல் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது நினைவிருக்கலாம். ணை, லை, ளை, னை போன்ற எழுத்துகளின் பழைய வடிவங்கள் போய் இன்றைய வடிவம் வந்தது. எழுத்து மக்களுக்காகத்தான் என்றால், வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்காக நாம் கற்பிக்கும் முறையும் மாறலாம்.

நம் மாவட்டத்தில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘எனக்க மவன்’, ‘அவனுக்க வீடு’ என்று பேசி வளரும் பிள்ளை, புத்தகத்தில் ‘என் மகன்’, ‘அவன் வீடு’ என்று வாசிக்க வேண்டியிருக்கிறது. வீட்டுப் பேச்சைப் பிழை என்று அடிக்கிற ஆசிரியரும் உண்டு. உண்மையான வாசிப்புத் தடுமாற்றத்தை ‘வீட்டுப் பழக்கம்’ என்று தள்ளிவிடுகிற ஆசிரியரும் உண்டு. இரண்டிலும் அடி வாங்குவது பிள்ளைதான்.

யாருக்கு நோய், யாருக்குத் தலையெழுத்து?

நகரத்து வசதியான வீட்டில் ஒரு பிள்ளை வாசிக்கத் திணறினால் என்ன நடக்கும்? ‘டெஸ்ட் எடுத்துப் பாருங்கள்’ என்று ஆசிரியர் சொல்வார். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து உளவியலாளரிடம் போவார்கள். காகிதம் வரும், சிறப்பு ஆசிரியர் வருவார், தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும். 2007-ல் வந்த ‘தாரே ஜமீன் பர்’ இந்திப் படத்துக்குப் பிறகு அந்த வீடுகளில் இது வெட்கப்பட வேண்டிய ஒன்றாகவும் இல்லை.

அதே தடுமாற்றம் நம் குடியிருப்புப் பிள்ளைக்கு வந்தால் ‘வீட்டுச் சூழ்நிலை சரியில்லை’, ‘அப்பன் குடிகாரன்’, ‘முதல் தலைமுறை, அப்படித்தான் இருக்கும்’ என்று காரணங்கள் தயாராக இருக்கின்றன. சிலர் வாய்க்குள்ளேயே சாதியைச் சொல்லிக்கொள்வார்கள். ஏழைப் பிள்ளை வாசிக்கவில்லை என்றால் யாரும் வியப்படைவதில்லை. வியப்பு இல்லாத இடத்தில் கேள்வி எழாது. கேள்வி எழாத இடத்தில் சோதனை நடக்காது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவின் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் கற்றல் குறைபாட்டுக்கு வரையறை சொன்னபோது, முதன்மையாகப் பொருளாதாரப் பின்னடைவால் வரும் கற்றல் சிக்கல் இதில் சேராது என்று எழுதியது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்தே இருந்தால் யார் பிரித்துப் பார்ப்பார்கள்? கலிஃபோர்னியாவில் கறுப்பினப் பிள்ளைகளை அறிவுத்திறன் தேர்வு வைத்து ‘மனவளர்ச்சி குன்றியோர்’ வகுப்புக்கு அனுப்பினார்கள். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். ‘லாரி பி.’ வழக்கு என்று பெயர். அந்தத் தேர்வு கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பாகுபாடு காட்டுகிறது என்று 1979-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே நிறம், இங்கே சாதி.

இந்த மண்ணில் பள்ளிக்காக நாம் பட்ட பாட்டை மாணவர்கள் மறந்துவிடக் கூடாது. மைலாடியைச் சேர்ந்த சாம்பவரான மகராசன் வேதமாணிக்கம் தேடிப்போய் அழைத்ததால்தான் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானிய மிஷனரி 1806-ல் இங்கே வந்தார். தேவாலயத்தோடு பள்ளிகளும் வந்தன. தென்திருவிதாங்கூரின் நவீனக் கல்வி வரலாற்றின் தொடக்கத்திலேயே நம்மவர் ஒருவரின் கால்நடை இருக்கிறது.

நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அதே சமஸ்தானத்தில் 1907-ல் அய்யன்காளி சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்க மாட்டோம் என்று விவசாயக் கூலிகளை வேலைநிறுத்தம் செய்யவைத்தார். பஞ்சமி என்ற சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்குக் கைப்பிடித்து அழைத்துப்போனார். அவள் உட்கார்ந்த பள்ளியையே ஆதிக்கச் சாதியினர் கொளுத்தினார்கள்.

அன்று பள்ளி வாசலில் தடுத்தார்கள். இன்று வாசல் திறந்திருக்கிறது. உள்ளே போன பிள்ளையைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, ‘மக்கு’ என்று பெயர் சூட்டி, யாரும் அவன் நோட்டைத் திருத்தாமல் விடுகிறார்கள். தொடாமல் விடுவதற்கு என்ன பெயர் என்று நமக்குத் தெரியும்.

91.75-க்குள் ஒளிந்திருப்பவர்கள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு. மாநிலத்திலேயே முதலிடம். பெருமைதான். ஆனால், கணக்கெடுப்பாளர் யாரையும் வாசிக்கச் சொல்லிப் பார்த்து எழுதுவதில்லை. வீட்டார் சொன்னதைத்தான் எழுதுகிறார். கையெழுத்துப் போடத் தெரிந்த, ஆனால் ஒரு பத்தியை வாசித்துப் புரிந்துகொள்ள முடியாத பிள்ளையும் அந்த 91.75-க்குள் இருக்கிறது.

எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி என்பதால் இந்தப் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பாக நகர்ந்துவிடுகிறார்கள். பிள்ளையைத் தோல்வியாக்கி வீட்டுக்கு அனுப்புவது தீர்வே அல்ல. 2020 பிப்ரவரியில் ஐந்தாம், எட்டாம் வகுப்புப் பொதுத்தேர்வை அரசு கைவிட்டபோது நாம் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். ஆனால், நிறுத்தாமல் நகர்த்துவதோடு கடமை முடிந்தது என்று இருந்தால், ஒன்பதாம் வகுப்பில் சுவரில் மோதுவான். அப்போது பள்ளிக்குத் தேர்ச்சி விழுக்காடு நினைவுக்கு வரும். ‘டி.சி. வாங்கிக்கொண்டு போய் ஏதாவது தொழில் பழகட்டும்’ என்று மெதுவாகச் சொல்லுவார்கள். நாங்கள் சொன்ன பையனின் அண்ணன் அப்படித்தான் வெளியே வந்தான். பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். இது ஒரு பள்ளியின் கதை மட்டும் அல்ல.

பெண்பிள்ளைகள் இன்னும் ஆழமாக ஒளிந்திருப்பார்கள். பையன் சேட்டை செய்வான், அடி வாங்குவான், அதனாலாவது கண்ணில் படுவான். பெண்பிள்ளை அமைதியாக உட்கார்ந்து கரும்பலகையில் இருப்பதை அழகான கையெழுத்தில் பார்த்து எழுதிவிடுவாள். நோட்டு நிறைந்திருக்கும். அதில் ஒரு வரியை வாசிக்கத் தெரியாது. ‘நல்ல பிள்ளை’ என்று சொல்லிக்கொண்டே ஒருநாள் அவளைத் துணிக்கடைக்கோ முந்திரி ஆலைக்கோ அனுப்பிவிடுவோம்.

எழுத்து தெரியாத தாயும் கண்டுபிடிக்கலாம்

‘எங்களுக்கே வாசிக்கத் தெரியாது, பிள்ளை வாசிப்பது சரியா தப்பா என்று எப்படித் தெரியும்?’ என்று கேட்கிறீர்களா? புத்தகம் தேவையில்லை. ஏழெட்டு வயதுப் பிள்ளையிடம் இவற்றைக் கவனியுங்கள்.

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது போர்டை வாசிக்கச் சொல்லுங்கள். ‘பூதப்பாண்டி’, ‘தக்கலை’, ‘மார்த்தாண்டம்’ என்று வண்டி வரும்போது வாசித்துச் சொல்கிறதா, வண்டியின் நிறத்தையும் கூட்டத்தையும் பார்த்து ஊகிக்கிறதா? கடைக்கு அனுப்பும்போது மூன்று பொருள் சொல்லிவிடுங்கள். திரும்பத் திரும்ப ஒன்றை மறந்து வருகிறதா? வாரத்தின் கிழமைகளை வரிசையாகச் சொல்ல முடிகிறதா? ‘பால்’, ‘கால்’, ‘வால்’ என்று ஒரே மாதிரி முடியும் சொற்களை விளையாட்டாகச் சொன்னால் பிடித்துக்கொள்கிறதா? இடது கை, வலது கை என்றால் நின்று யோசிக்கிறதா? வாசிக்கும் நேரம் வந்தால் மட்டும் வயிற்றுவலி, தலைவலி, சிறுநீர் என்று எழுந்து போகிறதா? பேச்சில் கெட்டிக்காரத்தனமும் நோட்டில் வெறுமையும் இருக்கிறதா? குடும்பத்தில் வேறு யாராவது இப்படி இருந்தார்களா?

ஒன்றிரண்டு இருந்தால் பயப்பட வேண்டாம். பல சேர்ந்து, மாதக்கணக்கில் மாறாமல் இருந்தால் விசாரிக்க வேண்டும். முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். கரும்பலகை தெரியாமலேயே ‘மக்கு’ பட்டம் வாங்கிய பிள்ளைகள் உண்டு. சூளை வேலைக்கு ஊர் ஊராகப் போனதால் பள்ளியே விட்டுப்போன பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குத் தேவை பாடம். வாசிக்காத பிள்ளை எல்லாம் கற்றல் குறைபாடு உள்ள பிள்ளை அல்ல. ஆனால், எதனால் வாசிக்கவில்லை என்று கேட்கப்படும் உரிமை எல்லாப் பிள்ளைக்கும் உண்டு.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது

1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடு கிடையாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றபோது இதையும் சேர்த்தது. 2017 ஏப்ரல் 19 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

அந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, கற்றல் குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்று பள்ளிகளுக்குக் கடமை விதிக்கிறது. அரசுப் பள்ளிக்கு மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிக்கும் இது பொருந்தும். கண்டுபிடிப்பது பெற்றோர் வேலை என்று பள்ளி தட்டிக்கழிக்க முடியாது. 17-ஆம் பிரிவு தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றைச் சொல்கிறது.

நம் மாநிலப் பொதுத்தேர்வுகளிலும் சான்று உள்ள மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாடம் ஒன்றிலிருந்து விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. மொழிவிலக்கை மட்டும் மேற்படிப்பை நினைத்து ஆசிரியரோடு பேசி முடிவெடுங்கள். 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்று சான்று பெற்றவர்களுக்கு அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடு இடஒதுக்கீட்டில் பங்கு உண்டு. அரசு வேலையில் உள்ள 4 விழுக்காட்டில் ஒரு விழுக்காடு, கற்றல் குறைபாடு உள்ளோரையும் சேர்த்த பிரிவுக்கு. பட்டியலினத்தவருக்கான ஒதுக்கீட்டை இது எடுத்துவிடாது. நம் பிள்ளைக்கு இரண்டு உரிமையும் உண்டு.

உச்ச நீதிமன்றம் 2021-ல் இரண்டு தீர்ப்புகளை வழங்கியது. பிப்ரவரியில் வந்த விகாஸ் குமார் வழக்கில், 40 விழுக்காடு எட்டாவிட்டாலும் எழுதுவதில் சிரமம் உள்ளவருக்குச் சொல்வதை எழுதுபவரை மறுக்க முடியாது என்றது. நவம்பரில், டிஸ்கிராஃபியா உள்ள மாணவி ஒருவருக்கு நீட் தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம் மறுக்கப்பட்டது தவறு என்றது. இவை கருணையால் தரும் சலுகைகள் அல்ல, சமத்துவத்தின் ஒரு பகுதி என்பதே இந்தத் தீர்ப்புகளின் சாரம்.

நம் மாவட்டத்துக்கு என்று ஒரு செய்தி. பட்டியலினத்தவர் இங்கே நூற்றுக்கு நான்கு பேர் என்கிறது கணக்கு. ஆனால், அதே தெருவில், அதே உறவில் உள்ள கிறிஸ்தவ தலித்துகள் 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையால் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள். சாதிச் சான்று மதம் கேட்கிறது. மாற்றுத்திறனாளிச் சான்று மதம் கேட்காது. நம்மில் யாரும் இதைத் தவறவிட வேண்டியதில்லை.

எங்கே போவது, எப்போது போவது?

முதலில் வகுப்பாசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் காற்றில் போகும். ‘என் பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள்’ என்ற ஒரு வரி போதும். எழுதத் தெரியாவிட்டால் குடியிருப்பில் உள்ள கல்லூரி மாணவர் எழுதித் தரட்டும். ஒரு நகலில் பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குங்கள்.

ஒவ்வொரு ஒன்றியத்திலும் உள்ள வட்டார வள மையத்தில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியின் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளைத் தொடக்கநிலையில் சோதிக்க ஆசிரியர்களுக்கு ‘நலம் நாடி’ என்ற செயலியும் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். அடுத்து ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், நாகர்கோவில் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் சான்றுக்கான வழியைக் கேட்கலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

வயது முக்கியம். மத்திய அரசின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், எட்டு வயதுக்குப் பிறகுதான் சான்று என்றது. பிறகு 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி சோதிக்க வேண்டும் என்றும் அது சொன்னது. மூன்றாம் வகுப்பிலேயே ஆசிரியர் கவனித்துச் சொல்ல வேண்டும் என்பதும் அதில் இருந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு ஓடினால் ஒன்றும் நடக்காது. சலுகைக்கு விண்ணப்பம் பள்ளி வழியாகத் தேர்வுத் துறைக்கு முன்கூட்டியே போக வேண்டும். எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ சான்று கையில் இருப்பது நல்லது. சாதிச் சான்றுக்காக நாம் அலைந்த அலைச்சல் நமக்குத் தெரியும். இதுவும் அப்படி ஒரு காகிதம்தான்.

காகிதம் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். கற்பிக்கும் முறையை இன்றே மாற்றலாம். எழுத்தைக் கண்ணால் பார்த்து, வாயால் ஒலித்து, விரலால் மணலிலோ அரிசியிலோ எழுதிப் பழகச் சொல்கிறார்கள் இந்தத் துறையின் ஆசிரியர்கள். மணலில் எழுதிப் பழகுவது நம் பழைய ஆசான் பள்ளிகளின் முறைதான். அந்தப் பள்ளிகளில் நம் முன்னோரை உட்காரவிடவில்லை. அந்த மணலை இப்போது நாம் எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். ஒரு எழுத்து, அதன் ஒலி, அதில் தொடங்கும் வீட்டுச் சொற்கள். பாடத்தை ஒருவர் வாசிக்க, பிள்ளை கேட்கட்டும். கைபேசியில் பதிவு செய்து கொடுத்தால் திரும்பத் திரும்பக் கேட்பான். 1991 முதல் சென்னையில் இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் ஆசிரியர்களுக்கு இதற்கான பயிற்சி தந்துவருகிறது. அதைத் தேடிப் படித்துவர நம் கல்லூரி மாணவர்கள் முன்வரலாம்.

மாணவர்களுக்கு ஒரு சொல். உங்கள் வகுப்பில் திக்கித் திணறி வாசிக்கிறவனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவன் ஒரு வரி வாசிக்கப் படுகிற பாடு, நீங்கள் ஒரு பக்கம் வாசிக்கப் படுவதைவிட அதிகம். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லோர் முன்னாலும் எழுப்பி வாசிக்கச் சொல்லி அவமானப்படுத்தாதீர்கள். வாயால் கேள்வி கேளுங்கள். அவனுக்குத் தெரிந்தது எவ்வளவு என்று அப்போது தெரியும்.

நாங்கள் சொன்ன பையன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. அவன் அம்மா ஐந்து நாள் கூலியை விட்டு அலைந்து சான்று வாங்கிவிட்டார். அதை நெகிழித் தாளில் சுற்றி, ரேஷன் அட்டையோடு பெட்டியில் வைத்திருக்கிறார். மாலை வகுப்பில் ஒரு கல்லூரி மாணவி அவனுக்கு அறிவியல் பாடத்தை வாசித்துக்காட்டுகிறாள். அவன் கேட்டுத் திருப்பிச் சொல்கிறான். வாசிப்பு இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது. வயிற்றுவலி மட்டும் நின்றுவிட்டது.

போன மாதம் நாங்கள் போனபோது அண்ணனும் வந்து வாசலில் நின்றிருந்தான். சூளை மண் காலில் ஒட்டியிருந்தது. தம்பி பாடம் சொல்வதைக் கேட்டுக்கொண்டே நின்றவன், கடைசியில் எங்களிடம் மெல்லக் கேட்டான்: “எனக்கும் இதுதானா சார் இருந்தது?”

ஆமாம் தம்பி, பெரும்பாலும் இதுதான் இருந்திருக்கும். உனக்கு அறிவு குறைவாக இருக்கவில்லை. நம் ஆளுகளுக்கும் குறைவாக இல்லை. கேட்க வேண்டிய கேள்வியை உன் விஷயத்தில் யாரும் கேட்கவில்லை. தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதும் வழி உனக்கு இன்னும் அடைபடவில்லை. 18 வயதுக்குப் பிறகும் சோதிக்கலாம், சான்று பெறலாம். அடுத்த முறை அம்மா கூலியை விட்டுப் போகும்போது நீயும் கூடப் போ.